ஆளை வைத்து அளவு

பாய்லரின் பித்தளை மூடி பொருந்தவில்லை. போன வாரம் வெட்டி, அரம் போட்டு வைத்த மூடி. இன்று புதிதாக வளைத்த உறைக்குள் போகவே மாட்டேன் என்று விளிம்பில் உட்கார்ந்து அடம் பிடித்தது. யக்ஞநாராயணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அழுத்திப் பார்த்தார். டிராயிங் ஆபீசில் ஆயுள் முழுக்கக் கோடு போட்ட கை, ஒரு நூல் பிசகுவதாவது! வயசாயிற்று, வேறென்ன, என்று தன்னையே திட்டிக்கொண்டு, மாடலுக்கு அளவெடுக்கும் புகைப்படத்தை எடுத்தார்.

மேற்கு மலைக் காடுகளில் ஒரு காலத்தில் மரம் இழுத்த நீராவி இயந்திரம் ஒன்றை அவர் கையகலத்தில் செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து நிற்கும் பாய்லர், பக்கத்தில் கயிறு சுற்றும் உருளை, இரண்டையும் தாங்க ஜோடிக் கட்டைகள். வெட்டிச் சாய்த்த மரத்தில் ஓர் ஆள் கயிற்றின் கொக்கியை மாட்டி விசில் கொடுப்பான். உருளை சுழலும். எத்தனை பெரிய மரமானாலும் புதர், பாறை பாராமல் தரதரவென்று வந்து சேரும். இந்தச் சின்ன இயந்திரத்தில் பேனா ரீஃபில் நீராவிக் குழாயாயிற்று, உடைந்த குடைக்கம்பி அச்சாயிற்று, இன்சுலின் ஊசி விசிலாயிற்று. கயிற்றுக்கு, மனைவி சாவித்ரி பூத்தொடுக்க வாங்கி வைத்திருந்த வாழைநாரைத் திரித்தார். அவள் இனிமேல் பூத்தொடுக்கப் போவதில்லை.

சாவித்ரி அடுத்த அறையில் கிடந்தாள். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை எங்கேயும் விடமாட்டேன்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றுவதுதான் இப்போது அவருக்கு வாழ்க்கை. நாவலூரில் வேலை பார்க்கும் மகள் சின்மயி, அப்பா வீட்டோடு அடைந்து கிடக்கிறாரே என்று பொழுதுபோக்காக மாடல் செய்ய எங்கிருந்தோ தேடி அந்த இயந்திரத்தின் பழைய புகைப்படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருந்தாள்.

வரைபடம் கிடையாது; இருப்பது அந்த ஒரு படம்தான். இயந்திரத்துக்கு அருகே, தலையில் துணி கட்டிய ஓர் ஆள் கயிற்றின் கொக்கியைப் பிடித்தபடி குனிந்த முகத்தோடு நின்றான். ஆள் என்றால் ஐந்தரை அடி. படத்தில் அவனை வெர்னியர் அளவுகோலில் பிடித்து அளந்து, அதைக்கொண்டு மற்ற எல்லா அளவையும் கணக்குப் போட வேண்டும். மாடல் செய்கிறவர்களின் பழைய வழி அதுதான். ஒவ்வொரு பாகம் வெட்டும்போதும் அவர் முதலில் அவனை அளப்பார். இப்போதும் அளந்தார். போன வாரத்தைவிட ஆள் ஒரு மயிரிழை வளர்ந்திருந்தான்.

சின்மயியிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். "அப்பா, கண்ணைக் காட்டி எத்தனை நாளாச்சு? முதல்ல டாக்டர்ட்ட போங்கோ."

அவரும் சிரித்து வைத்தார்.

அடுத்த நாள் காலை பிளஸ்ஸி கூப்பிட்டாள். சாவித்ரியைப் பார்த்துக்கொள்ளப் பகலில் வரும் பெண்.

"சார், அம்மா தெனமும் கீழ கீழ சறுக்குறாங்க. கால் ரெண்டும் கட்டிலுக்கு வெளிய தொங்குது பாருங்க."

"வாட்டர் பெட் வழுக்கறது போல இருக்கு. தலகாணி வெச்சு அணை குடும்மா."

"அதில்ல சார்." அவள் போர்வையை விலக்கிக் காட்டினாள். வலது கணுக்காலைச் சுற்றிச் சிவந்த வளையம் ஒன்று பதிந்திருந்தது. பிளஸ்ஸி அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "ராத்திரில கட்டி வெக்கிறீங்களா சார்?"

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கட்டிலில் இருந்து சாவித்ரி கோணிய வாயால், "கா... கால்" என்றாள். சில நாட்களாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மரத்துப்போன காலில் அப்படித்தான் தோன்றும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறையில் எப்போதும் இருக்கிற டெட்டால் வாசனையோடு இன்னொன்றும் கலந்திருந்தது. பச்சை மரத்தை அறுத்தால் வருமே, அந்தப் பால் வாசனை. செம்பாக்கத்தில் அவர்கள் தெருவில் யாரும் மரம் அறுக்கவில்லை.

அன்று மாலை மறுபடியும் படத்தைப் பார்த்தார். ஆளின் பாதங்கள் முன்பு உருளைக்கு நேராக இருந்தன. இப்போது உருளையைத் தாண்டி, கீழ்விளிம்புப் பக்கமாக வந்திருந்தன. அவன் வளரவில்லை. கிட்டே வந்துகொண்டிருந்தான். அவன் கையிலிருந்த கயிறு பின்னால் உருளை வரைக்கும் நீண்டு கிடந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எத்தனை பேரைக் கேலி பண்ணியிருப்பார் அவர்! அன்றைக்கு அந்தப் பழமொழி அவருக்கு உதவவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. அளந்த நாட்களில்தான் சாவித்ரி சறுக்கியிருந்தாள். அளக்க அளக்கத்தான் அவன் ஓரடி எடுத்து வைக்கிறான்.

படத்தை ஒரு பழைய வேட்டியில் சுற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். இயந்திரத்தின் மேல் துணியைப் போட்டு மூடினார். உடைத்துவிடலாம் என்று சுத்தியலைக் கூட எடுத்தார். உடைத்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் கை எழவில்லை.

சாவித்ரி சறுக்குவது நின்றது. கணுக்காலின் சிவப்பு மங்கியது. ஒரு காலையில் அவள் பாதி வாயால் சிரித்து, "காபி" என்றாள். பிளஸ்ஸி கைதட்டினாள். யக்ஞநாராயணன் சமையலறைக்குப் போய் ஃபில்டரில் டிகாஷன் இறங்கும்வரை நின்று அழுதார். அத்தனை சந்தோஷம்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அளந்து பார்க்காத எதையும் நம்பாத மனசு அவருடையது. அவன் நின்றுவிட்டானா? நிஜமாகவே நின்றுவிட்டானா? சாப்பிடும்போதும் சாவித்ரிக்குத் தலை வாரும்போதும் அந்தக் கேள்வி பல்லிடுக்கில் சிக்கிய நாராக உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை. உறுதி செய்துகொண்டு திரும்பப் பூட்டிவிடலாம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் பிளஸ்ஸி சீக்கிரமே கிளம்பிவிட்டாள். ஏரிப்பக்கத்துத் தவளைகளும் தூரத்தில் தாம்பரம் நோக்கிப் போகும் மின்சார ரயிலும் தவிர வேறு சத்தமில்லை. பீரோவைத் திறந்தார். ஆள் அவர் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நின்றான். பார்த்ததோடு திரும்ப உள்ளே வைத்திருக்கலாம். ஆனால் கண்ணை நம்புவதா? வெர்னியரை எடுத்து, தலைக்கும் பாதத்துக்கும் வைத்து, கோட்டைப் படித்தார்.

வெர்னியரை விலக்கியபோது படத்தில் ஆள் இல்லை.

இயந்திரம் இருந்தது. உருளையிலிருந்து புறப்பட்ட கயிறு படத்தின் கீழ்விளிம்பு வரை வந்து, அங்கே முடிந்தது.

கரண்ட் போனது.

இருட்டில் ஈர மரத்தூள் வாசனை. விறகுப் புகை. வெறும் காலோடு யாரோ நடக்கிற மெத்தென்ற ஓசை, அவரைத் தாண்டி, அடுத்த அறைக்கு. பிறகு மேஜைமேல் துணிக்கு அடியிலிருந்து விசில். ஊசியளவு விசில்.

உருளை சுழன்றது.

"ஏன்னா!" சாவித்ரியின் குரல். கோணாத, தெளிந்த, பழைய குரல். "ஏன்னா, காலை..."

ஓடினார். நிலைவாசலில் இடித்துக்கொண்டார். கட்டிலைத் துழாவினார். தலையணை. போர்வை. அவள் இடது கை. பிடித்துவிட்டார். அவளும் பிடித்தாள். "விடமாட்டேன்டி. விடமாட்டேன்." கை இழுபட்டது. மனுஷ பலம் இல்லை அது. புதர் பாராது, பாறை பாராது. அவர் முழங்கால் தரையில் தேய்ந்தது. வளையல் நொறுங்கியது. விரல். விரல் நுனி.

கரண்ட் திரும்பி, விளக்கு வந்தது.

கட்டில் காலி. தரையில் கட்டிலிலிருந்து மேஜைக்கால் வரைக்கும் ஈரமான ஒரு தடம். அவர் உள்ளங்கையில் கண்ணாடி வளையல் துண்டுகள்.

வெகுநேரம் கழித்து மேஜைக்கு வந்தார். துணி சரிந்து கிடந்தது. அன்றைக்குப் பொருந்தாத பித்தளை மூடி பாய்லரின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. படத்தில் ஆள் தன் பழைய இடத்தில், பழைய உயரத்தில், குனிந்த முகத்தோடு நின்றான். அவனுக்கு முன்னால் மண்ணில், கயிற்றின் நுனியில், ஒரு சின்ன உருவம் கவிழ்ந்து கிடந்தது. நைட்டி போட்ட உருவம். இடது கை இந்தப் பக்கமாக, அவரைப் பார்த்து நீண்டிருந்தது.

உருளைக்கும் அவளுக்கும் இடையே கொஞ்சம் தூரம் இருந்தது.

எவ்வளவு தூரம்? இன்னும் நேரம் இருக்கிறதா?

வெர்னியரை எடுத்து வைத்தார். படித்தார். சரியாகப் படித்தோமா என்று மறுபடியும் வைத்தார்.

ஒரு நூல் குறைந்திருந்தது.

வெர்னியரைத் தூக்கி எறிந்தார். அது சுவரில் பட்டு விழுந்தது. படத்துக்குள் அந்த விரல்கள் மண்ணைப் பிறாண்டியிருந்தன. யக்ஞநாராயணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மண்டியிட்டு, தரையெல்லாம் தடவி, வெர்னியரைத் தேட ஆரம்பித்தார்.