ஐந்தாம் கதவுக்குப் பின்னால்

ஐந்தாம் கதவுக்குப் பின்னால் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. நீல நிறத்தில், பெண்கள் போடுவது. வெளியே போகும்போது மாட்டிக்கொள்ளத் தோதாக, இரண்டின் முனையும் கதவைப் பார்த்தபடி இருந்தன.

அது வீடாக இருந்தால் சரி. இதுவோ பூட்டுத் திறப்பவர்களுக்கான தேர்வுக்கூடம். நீகாதா துறைமுகத்தின் பழைய மீன் கிடங்கில், ஆறு கதவுகளைச் சட்டத்தோடு வெறுந்தரையில் நிறுத்தியிருந்தார்கள். நாலு எட்டு வைத்துச் சுற்றினால் மறுபக்கம் வந்துவிடும். அங்கும் அதே சிமென்ட் தரைதான். இங்கே யார் செருப்பைக் கழற்றப் போகிறார்கள் என்று ஃபுசாயேவுக்குப் புரியவில்லை.

அவளுக்கு இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. பத்தொன்பது வருடம் பார்த்த நூடுல்ஸ் ஆலை வேலையை இதை நம்பித்தான் விட்டிருந்தாள். சான்றிதழோடு வந்தால் திங்கட்கிழமையே சேரலாம் என்று ரயிலடிப் பூட்டுக்கடைக்காரர் சொல்லியிருந்தார். போன இரண்டு முறையும் கைவேலையில் குறையில்லை. திறக்கும் முன் மூன்று தடவை தட்டி ஆள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது விதி. வெறும் கதவிடம் பேசக் கூச்சப்பட்டே தோற்றாள்.

"இந்தத் தடவையாவது கதவுகிட்ட ரெண்டு வார்த்தை பேசிடும்மா. பாவம், கோவிச்சுக்கப் போகுது," என்றார் வரிசையில் பின்னால் நின்ற சதகாத்தா. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"அது பதில் சொல்லிட்டா?"

"கையை எடுத்துட்டு சார்கிட்ட சொல்லணும். பாடத்துலயே இருக்கே! நானும் எத்தனையோ கதவைத் தொறந்துட்டேன், ஒண்ணு கூட வாயைத் தொறக்கல."

சிரித்துக்கொண்டே போனாள்.

"அஞ்சாம் கதவு. பத்து நிமிஷம்," என்றார் தேர்வாளர் கொமாகி.

தகரக் கூரையில் மழை சீராக இறங்கிக்கொண்டிருக்க, தரையில் எத்தனையோ வருடமாக ஊறிப்போன மீன் நாற்றத்துக்கும் புதிதாகப் போட்ட எண்ணெய் வாசனைக்கும் நடுவே, கதவிடுக்கிலிருந்து இப்போதுதான் வடித்த சோற்றின் வாசனை சூடாக வந்தது. ஃபுசாயே தட்டினாள்.

"யாராவது இருக்கீங்களா?"

மறுபடி தட்டிக் கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள்.

"இதோ வரேன்," என்றது ஒரு பெண் குரல். களைத்த குரல். பலகைக்கு அந்தப் பக்கம், மிக அருகில்.

எட்டிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. சிமென்ட் தரை. செருப்பையும் காணோம்.

"என்னம்மா? இன்னும் எட்டு நிமிஷம்தான்," என்றார் கொமாகி.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பைத்தியம் என்பார், வெளியே போகச் சொல்வார். அவளுக்குத் திங்கட்கிழமை வேண்டும்.

"ஒண்ணுமில்ல, சார்."

எட்டிப்பார்க்கும் துளையின் கண்ணாடியைக் கழற்றி, வளைந்த கம்பியை உள்ளே விட்டாள். உள்ளிருந்து பூட்டைத் திருப்பும் திருகைக் கம்பி நுனியால் தேடினாள். நுனியை எதுவோ பிடித்தது. இழுத்தாள். வரவில்லை. அரிச்சுவடி பழகும் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைப்பதுபோல், அது கம்பியைப் பொறுமையாகத் திருகின் மேல் கொண்டுபோய் வைத்தது. திருப்பியது.

பூட்டு விட்டது.

"தொறந்து காட்டுங்க. அப்பத்தான் தேறினதா அர்த்தம்."

இழுத்தாள். கதவு நாலு விரல் அகலம் வந்து நின்றது. உள்ளே சங்கிலி. இந்தக் கதவுகள் எதற்கும் சங்கிலி கிடையாது.

"போதும், தேறிட்டீங்க!" கொமாகி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

கதவு அவள் கையிலிருந்து மெல்ல விடுபட்டுச் சாத்திக்கொண்டது. சங்கிலியைக் கழற்ற வீட்டுக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

உரசும் சத்தம். சங்கிலி விழுந்தது.

கதவு அகலத் திறந்தது. யாருமில்லை. சிமென்ட் தரை மட்டும். சோற்று வாசனையோடு ஒரு மூச்சு அவள் முகத்தில் பட்டது.

குனிந்தாள்.

நீலச் செருப்புகள். ஈரமாக. இந்தப் பக்கம். அவள் கால்விரல்களைத் தொட்டபடி, அவளைப் பார்த்து.