வீட்டில் இருவர்

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்களேன். அதுக்கு நேரம் காலமா பாக்கணும்?"

"இப்ப வேண்டாம். நான் கேட்டு நீ எதையும் மாட்டேன்னதே இல்லை. அதான் பயமா இருக்கு."

கணவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான். மூன்றாம் நாள் போய்விட்டார். கேட்காமலே விட்டது எதுவாக இருக்கும் என்று, எட்டு மாதமாகத் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே யோசித்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி.

கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அவர் சந்தா கட்டி மாட்டிவிட்டுப் போன காவல் பெட்டி. வாசற்கதவைப் பூட்டுவதும் திறப்பதும் அதன் வேலை. பூட்டியதும் உள்ளே எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும். போன மாதம் ஒரு மத்தியானம், தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"கதவு பூட்டப்பட்டது. வீட்டில் இருவர் இருக்கிறார்கள்."

கட்டிலுக்கடியில் பார்த்தாள், பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள், சமையலறைக் கதவிடுக்கில் கூடப் பார்த்துவிட்டுத் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். மறுநாளும் இருவர். அதற்கடுத்த நாளும். பெட்டி பழுது என்று சந்தாவை ரத்து செய்யச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதினாள், போனிலும் சொன்னாள். சரி சரி என்றவர்கள், அடுத்த வாரமே வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வருடத்துக்குப் பணத்தை எடுத்துக்கொண்டார்கள்.

புகார் சொல்லப் போனபோது, வங்கியில் இருந்த இளம் பெண் சிரித்தாள். "என் ஜிம் சந்தாவையே என்னால நிறுத்த முடியலைம்மா. கட்டினவனைக் கூடச் சுலபமா கழட்டி விட்டுடலாம். ஆனா நீங்க கவலைப்படாதீங்க. ரத்து பண்ணச் சொன்ன மெயில் இருக்கு. புதுப்பிக்கறதுக்கு முன்னாடி உங்க சம்மதம் வாங்கினாங்களான்னு அவங்கதான் நிரூபிக்கணும். இல்லைன்னா திருப்பித் தந்தாகணும்."

நிரூபித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். குரலில் சிரிப்பில்லை. "அம்மா, உங்க வீட்டுக்காரர் சம்மதம் சொன்னதா ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருக்காங்க. போன வாரத் தேதி போட்டிருக்கு. பழைய பதிவுல தேதியை மாத்தியிருப்பாங்க, பித்தலாட்டம். இதை விடக் கூடாது. அனுப்பறேன், கேட்டுப் பாருங்க."

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளநீளமாகக் கிடத்தியிருந்த நேரத்தில், மெஷின் முன் உட்கார்ந்தபடியே அவள் அதைப் போட்டுக் கேட்டாள். சந்தா தொடரலாமா என்று பெட்டி கேட்டது. "தொடரட்டும்" என்றார் கணவர், நோய்க்கு முந்தைய நல்ல குரலில். பின்னால் ஏதோ சத்தம். மறுபடி போட்டாள். அது தையல் மெஷின் சத்தம்; சுற்றுக்கொரு தரம் எலிக்குஞ்சு மாதிரி ஒரு கீச்சு. பழைய பெல்ட் கீச்சிடவே கீச்சிடாது. புது பெல்ட் மாட்டி மூன்று வாரம்தான் ஆகிறது. மூன்றாம் தரம் கேட்டபோது, கீச்சுக்கு நடுவே அவளே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். மிகப் பக்கத்தில். நாற்காலிக்குப் பின்னால் நின்று குனிந்தால் கேட்கிற தூரத்தில்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுந்தாள். மெல்ல நடந்து பெட்டிக்கு முன் நின்றாள். அவர் முகச்சவர சோப்பின் வாசனை, ஈரமாக, அப்போதுதான் தேய்த்ததைப் போல.

"ரத்து" என்றாள்.

"வீட்டில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் சம்மதித்துவிட்டார். மற்றவருக்காகக் காத்திருக்கிறேன்."

மின்விசிறி சுற்றியது. குழாய் ஒரு சொட்டு விட்டது. வாசலருகே செருப்புத் தட்டில் அவருடைய காலணிகள். அவற்றைச் சுவரைப் பார்க்கத்தான் அவள் வைத்திருந்தாள். இப்போது முனைகள் கதவைப் பார்த்திருந்தன. பக்கத்தில் அவள் செருப்பு. அதுவும் கதவைப் பார்த்து.

முப்பது வருடம் அவரை நேராகப் பார்த்துத்தான் பேசினாள். இன்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்களும் சரின்னு சொல்லிடுங்க. இப்படி நின்னுட்டே இருந்தா எனக்கு முடியலை. என்னவோ கேக்கணும்னீங்களே, அதையும் கேட்டுட்டுக் கிளம்புங்க."

ஒரு மூச்சு. கழுத்துக்குப் பின்னால்.

"சரி."

பூட்டு விலகியது. கதவு ஒரு விரல் திறந்தது. வெளியே வெயில் இல்லை. தெரு இல்லை.

"இருவரும் சம்மதித்துவிட்டார்கள்," என்றது பெட்டி. "வெளியேறுபவர்கள் இருவர்."

அவள் குனிந்து பார்த்தாள். கால்கள் செருப்புக்குள் இருந்தன. எப்போது நுழைத்தாள்?

கையை ஒரு கை பற்றியது. குளிர்ந்த கை. பழகிய கை. அவளால் எதையும் மாட்டேன் என்று சொல்ல முடியாத குரல், காதோரம், கெஞ்சலாக.

"என்கூட வந்துடேன்."