ஜெபராணி விட்டுவைத்த தடம்

அலைக்களத்தில் அன்றைக்கு மதுரை ஓடிக்கொண்டிருந்தது. தூத்துக்குடி உப்பளங்களுக்கு நடுவே நட்ட கம்பங்கள் எல்லாம், மதுரைக் கடைத்தெரு ஒன்றின் கைபேசிகளும் வண்டிகளும் கேமராக்களும் சேர்ந்து போடும் ரேடியோ அலையிரைச்சலை அப்படியே திருப்பிப் போட்டன. கம்பியில்லாக் கருவி செய்கிற யாரும் அதை இங்கே சோதித்துக்கொள்ளலாம். களம் எல்லோருக்கும் பொது. ஆனால் மொய் வைப்பதுபோல, வருகிறவர் ஏதாவது ஓர் ஊரின் இரைச்சலைப் பதிந்துவந்து களத்துக்குத் தரவேண்டும்; யார் தந்தது என்று மட்டும் எழுதிவைப்பதில்லை.

ஜெபராணி தந்தது எந்த ஊருமில்லை. டாக்டர் கந்தவேலை ஒழிப்பதற்காக அவளே செய்த இரைச்சல்.

மீன்பிடிப் படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை சொல்ல அவள் நிலைக்குரல் என்று ஒரு கருவி செய்திருந்தாள். அது ஒரே அலைவரிசைத் தடத்தில் நின்று பேசும். தேர்வுக்குழுவில் இருந்த கந்தவேல் அதைப் பொம்மை என்றார். பிறகு அதன் பாதியைத் திருடித் தன் கருவியில் வைத்துக்கொண்டார். அவர் கருவிக்குத் தாவி என்று பெயர். இரைச்சல் வந்தால் வேறு தடத்துக்குக் குதிக்கும். பட்ட அடியிலிருந்து கற்றுக்கொள்ளும். களத்தில் நடக்கும் போட்டியில் இரண்டில் எது வெல்கிறதோ அதுதான் படகேறும்.

"மாட்டிக்கிட்டா என்னடி பண்ணுவ?" என்றாள் தோழி ரஹ்மத்.

"எப்படி மாட்டுவேன்? நெரிசலான ஊர் மாதிரிதான் தெரியும். அந்தாளு கருவி எங்க குதிச்சாலும் அடி விழும். என் தடம் மட்டும் சுத்தமா இருக்கும்."

போட்டியின் முதல் சுற்றில் அவள் இரைச்சலை ஓடவிட்டதும் தாவி ஊமையாய் நின்றது. கந்தவேல் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து அவளுக்கு வயிறு குளிர்ந்தது. மனுஷன் சும்மா இருக்கவில்லை. அதே இரைச்சலைக் களத்தில் மறுபடி மறுபடி ஓடவிட்டார். இவ்வளவு கடினமான ஊரா என்று, வேறு வேலைக்காகக் களத்துக்கு வந்திருந்த மற்றக் குழுக்களும் தங்கள் தாவும் கருவிகளை அதில் இறக்கின. முட்டி மோதிச் சாகட்டும் என்று ஜெபராணி சிரித்தாள்.

இறுதிச் சுற்றில், நெரிசலில் எது தாங்குகிறது என்று பார்க்க, மற்றக் குழுக்களின் கருவிகளையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒன்றாகக் களத்தில் விட்டார்கள். இரைச்சல் எழுந்ததும் நிலைக்குரல் திக்கியது, பிறகு அடங்கியே போனது. ஜெபராணி திரையைப் பார்த்தாள். களத்திலிருந்த கருவிகள் அத்தனையும் அவள் தடத்தில் குவிந்திருந்தன. ஒன்றுக்கொன்று வழிவிட்டு முறைவைத்துப் பேசின. நிலைக்குரலுக்கு வழிவிடத் தெரியாது, அவள் கற்றுத்தரவில்லை.

படகுகளுக்குத் தாவியே என்று அதிகாரி அறிவித்தார். கந்தவேல் நேரே அவளிடம் வந்தார்.

"அந்த ஊர் இரைச்சலைக் குடுத்த புண்ணியவான் யாருன்னே தெரியலம்மா. அதுல அடி வாங்கி வாங்கித்தான், எந்தத் தடம் காலின்னு எங்க தாவி கண்டுபிடிச்சுது. ஆளு கிடைச்சா கையெடுத்துக் கும்பிடுவேன்."

நான்தான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அதிகாரி பக்கத்திலேயே நின்றார். ஜெபராணி பல்லைக் கடித்துக்கொண்டு, "வாழ்த்துகள் சார்" என்றாள்.