சுவருக்கும் டிரெடிலுக்கும் நடுவே

ஐந்தாவது அட்டையின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தடம். கறுப்பாக, ஈரமாக.

லீலாவதி கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மண்ணெண்ணெயில் துடைத்து சோப்பு போட்ட கைகள். சரோஜினி நகர் துணிக்கடைக்காரன்கூடக் குறை சொல்ல முடியாத சுத்தம்.

பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், மாணவர்கள் கையால் அச்சடித்துப் பழகும் கூடம் அது. டிசம்பர் நாலு மணி வெளிச்சம் மேல் ஜன்னலில் அழுக்குத் துணியாய்த் தொங்கியது. காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மெஷினுக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான்.

உதவி நூலகர் வெங்கடராமன் படியில் நின்றே குனிந்தார். "என்னம்மா, ஆச்சா?"

"கறை விழுது சார்."

"உன் கையா இருக்கும். பின்ன என் கையா? கையால செஞ்ச காகிதம், பத்து அட்டைதான் இருக்கு, மறுபடி கிடைக்காது. ஆறு சுத்தமா குடு, உன் பர்மனென்ட் ஃபைலை மேலே தள்ளி விடறேன்."

"அஞ்சு போதாதா சார்?"

"கறிகாய்க்காரன்கிட்ட பேசற மாதிரி பேசறியே! ஆறு. ஜல்தி."

போய்விட்டார். நாலு வருஷ டெம்பரரி வேலை. நாலு அட்டை தேறியிருக்கிறது. இன்னும் இரண்டு.

மிதித்தாள். சக்கரம் முனகிச் சுழல, உருளைகள் மையை நக்கிக்கொண்டு அச்செழுத்துகள்மேல் சப்புச் சப்பென்று ஏறி இறங்க, மெஷினின் இரண்டு இரும்புப் பலகைகளும் மூடித் திறந்து மூடின. மண்ணெண்ணெய் வாடைக்கு அடியில் ஈரத்துணி வாடை ஒன்று, யாரோ பக்கத்தில் வந்து நின்றதுபோல்.

ஆறாவதில் இரண்டு விரல்கள். ஏழாவதில் நான்கு. எட்டாவது சுத்தம், மூச்சு வந்தது. ஒன்பதாவதில் முழு உள்ளங்கை.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். விரல்நுனிகள் அவளை நோக்கி இருந்தன. அட்டையை எதிர்ப்பக்கம் நின்று பிடித்த கை.

எதிர்ப்பக்கம் சுவர்.

ஓடிவிடலாம். ஓடினால் ஐந்து. ஐந்துக்கு வெங்கடராமன் மசியமாட்டார்.

பத்தாவது அட்டையைப் பலகைகளுக்கு நடுவே நீட்டினாள். அது இழுபட்டது. மெதுவாக. துணிக்கடையில் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுப்பதுபோல்.

"விடு," என்றாள்.

இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. அவள் விடவில்லை. மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்டது அவள் கை. அப்போதுதான் விட்டாள்.

அட்டை கீழே விழுந்தது. அவள் கை வெளியே வரவில்லை. ஐந்து விரல்கள், குளிர்ந்து, வழவழவென்று, அவள் விரல்களுக்குள் கோத்திருந்தன.

மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்தாள். இரண்டு கால்களும் தரையில்.

மிதிப்பலகை இறங்கியது. ஏறியது.

இறங்கியது.

இரும்பு மூட ஆரம்பித்தது.