உறை மாறிய இசைத்தட்டு

1986 மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. வில்லாபுரம் வீட்டில் பத்ரிநாத் சுழலும் இசைத்தட்டின் மேல் முள்ளை வைத்தான். சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒற்றைக் கிடாரோடு கத்திப் பாடும் வெள்ளைக்காரன் குரல் வரவில்லை. வீணை வந்தது.

உறையில் அந்தப் பாடகனின் படம்தான் இருந்தது. தட்டுதான் வேறு. காணாமல் போனது டவுன்ஹால் ரோட்டுப் பழைய கடைக்கு நடையாய் நடந்து வாங்கியது. மதுரையில் இன்னொன்று கிடைக்காது.

பத்ரிநாத் இன்சூரன்ஸ் ஆபீஸ் சங்கத்தின் செயலாளர். கதவடைப்பில் வேலையில்லாமல் இருந்த மில் தொழிலாளி மருதுவைச் சனிக்கிழமை அவனேதான் வீட்டுக்கு அழைத்து, அந்தப் பாட்டுகளைப் போட்டு வரிவரியாகத் தமிழில் சொன்னான். மருது கண்கலங்கிக் கேட்டான். இப்போது அந்த மருதுவின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆபீஸ் போகும் வழியிலேயே ஸ்டேஷனில் மருது மேல் புகார் எழுதிக் கொடுத்தான்.

சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் நாகலக்ஷ்மி வீட்டுக்கு வந்தார்.

"மருதுவைப் பிடிச்சு உக்கார வச்சிருக்கோம். நாளைக்கு மில் திறக்குதாம். திருட்டுக் கேஸ் விழுந்தா வேலை போயிரும்னு அழுறான். வேற யார் வந்தாங்க?"

"வேற யாரும் வரல மேடம்."

"நேத்து அனந்தநாராயணன் சார் வந்தாரே," என்றாள் மனைவி பத்மாசினி.

"அவர் நம்ம ஆபீஸ்காரர். வீணை ரெக்கார்டு இரவல் வாங்க வந்தார். நீங்களே எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டு காபிக்குச் சொல்ல உள்ள போனேன்."

"மருது போறப்ப கையில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம்," என்றாள் பத்மாசினி. "சட்டையக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, அடிபம்புல எனக்கு ரெண்டு குடம் அடிச்சுக் குடுத்தார். அப்படியே சைக்கிள் ஏறிட்டார்."

"அனந்தநாராயணன்கிட்ட பேசினீங்களா?"

"தட்டு திருடு போச்சுன்னு ஆபீஸ்ல சொன்னேன். ராத்திரி ரொம்ப நேரம் வீணை கேட்டேன், அருமைன்னார். மில்லுக்காரங்களை வீட்டுக்குள்ள விட்டா இப்படித்தான்னும் சொன்னார்."

நாகலக்ஷ்மி உறைக்குள் இருந்த தட்டை வெளியே எடுத்தார்.

"இது யாரோடது?"

"எங்களோடது."

"வீணை ரெக்கார்டு எத்தனை இருக்கு?"

"ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணு என் கையில இருக்கு. அப்ப அவர் ராத்திரி கேட்டது எதை?"

பத்ரிநாத் தட்டை வாங்கி, நடுவில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தான்.

"நீங்க உள்ள போனப்ப ரெண்டு தட்டையும் மாத்தி வச்சிருக்கார். வீணை உறையில உங்க பாட்டுக்காரனைப் போட்டு, உங்க கண்ணு முன்னாடியே கொண்டு போயிருக்கார். தெரியாம மாறியிருந்தா இன்னைக்கு ஆபீஸ்லயே சொல்லியிருப்பார். கேக்காத வீணையக் கேட்டேன்னு எதுக்குச் சொல்லணும்?"

இருட்டுவதற்குள் தட்டு அனந்தநாராயணன் வீட்டு அலமாரியில் கிடைத்தது. விலைக்குக் கேட்டும் தரவில்லை, அதனால் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டார்.

ஸ்டேஷனில் நாகலக்ஷ்மி வெள்ளைத்தாளை நீட்டினார். "அவர் மேல எழுதிக் குடுங்க."

"வேண்டாம் மேடம். பிள்ளைகுட்டிக்காரர். பேர் கெட்டுப் போகும்."

"காலையில இன்னொருத்தர் பேரை எழுதுறப்ப இது தோணலையா சார்?"

பத்ரிநாத் தலை நிமிராமல் எழுதி முடித்தான்.

வெளியே வந்தபோது மருது சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். கன்னம் வீங்கியிருந்தது. படியில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி முத்துத்தாய் எழுந்து வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க வந்து சொன்னதாலதான் விட்டாகளாம் அண்ணே. எந்தப் பாவி எழுதிக் குடுத்தானோ. நீங்க நல்லா இருக்கணும்."

பத்ரிநாத் மருதுவைப் பார்த்தான். எழுதியது யார் என்று மருதுவுக்குத் தெரியும் என்பது அவன் திருப்பிப் பார்த்த பார்வையிலேயே இருந்தது.

"வா, பஸ் போயிரும்," என்று மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருது நடந்தான். அவள் திரும்பித் திரும்பிக் கும்பிட்டபடியே போனாள்.