முதுகுப் பக்கத்து நாடா

"தொடாதீங்க அண்ணி!"

குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்த நாத்தனார் போட்ட கூச்சலில், மருமகள் நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது. சாப்பாட்டு மேசையில் அவள் கணவரின் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஏதோ தெரியாத நம்பர்.

"எடுக்க வரல... சத்தத்தைக் குறைக்கலாம்னுதான்..."

"நீங்க ஒண்ணும் குறைக்க வேண்டாம் தாயே! ஏற்கெனவே எங்க கணக்குல குறைச்சது போதும். ஓடிபி மகாராணி!"

ஓடிபி மகாராணி! ஆறு மாதமாக அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பட்டம். சமையலில் உப்பு கூடினாலும் அதுதான், கதவைச் சாத்த மறந்தாலும் அதுதான். மேசையின் மறுகோடியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த மாமியார் மட்டும் அந்தப் பட்டத்தைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

விஷயம் இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று ஒரு போன் வந்தது. கார்டு முடங்கப் போகிறது, இப்போது வரும் ஆறு இலக்க ஓடிபி நம்பரைச் சொல்லுங்கள் என்றார்கள். சொல்லியாயிற்று. சொந்தமாக ஒரு அழகு நிலையம் வைக்க வேண்டுமென்று நாத்தனார் அடுத்தவர் கடையில் நின்று, ஊரார் தலைமுடியை வெட்டி வெட்டி, ஏழு வருஷம் சேர்த்து அம்மாவின் கணக்கில் போட்டு வைத்திருந்த பணம் ஐந்தே நிமிஷத்தில் துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டது. சாயங்காலம் எல்லோரும் வந்து தலையில் அடித்துக்கொண்டபோது, "நான்தான் சொல்லிட்டேன்" என்றாள் அவள்.

சொன்னது அவளா? அதுதான் இல்லை! சொன்னவர் மாமியார். அதற்கு முந்தின வாரம்தான் மாமியார் இரண்டாவது தடவையாக அடுப்பை அணைக்க மறந்திருந்தார். நாத்தனார் எங்கேயோ ஒரு முதியோர் இல்லத்தில் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். "இன்னொரு தடவை ஏதாவது ஆனா அனுப்பிடலாம்" என்று மகனும் தலையாட்டியிருந்தார். அன்று போனைக் கையில் பிடித்தபடி மாமியார் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்தது மருமகள் ஒருத்திதான். "என்னை அனுப்பிடுவாங்கம்மா... நான் எங்கயும் போக மாட்டேம்மா..." என்று அவர் சின்னப் பிள்ளைபோல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அவ்வளவுதான்! பழி மொத்தத்தையும் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்? அவள் செய்தாள். அதற்குக் கிடைத்த பரிசுதான் அந்தப் பட்டம்.

அவளுடைய போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் வீட்டிலேயே சீருடை தைப்பவள். காவலாளிகள், நர்சுகள், நாடகத்துக்கு உடுப்பு வாடகைக்கு விடும் கடைக்காரர் என்று அவளுக்கு நல்ல வாடிக்கை இருந்தது. இப்போது அவர்களெல்லாம் அவள் கணவரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் ஞாபகம் வந்தால் வந்து சொல்வார். அலுத்துப்போய் மூன்று பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்து போனை எடுத்தார். லாரிகளை நிறுத்து எடை பார்க்கும் எடைமேடையில் அவர் இருபது வருஷமாகக் குமாஸ்தா. மணல் லோடில் தண்ணீர் ஊற்றி எடை கூட்டிக்கொண்டு வந்தவனைச் சக்கரத்தைப் பார்த்தே பிடித்தவர். "என் கண்ணுல மண்ணைத் தூவ இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும்" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"ஹலோ... ஆமா, நான்தான் பேசறேன்... எந்தப் பிரிவு?... சார்?... சார்!"

அந்தக் கடைசி 'சார்' அவளுக்குச் சரியாகப் படவில்லை. கணவரின் முகம் வெளுத்துவிட்டது. யாரையும் பார்க்காமல் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

எட்டரைக்குக் கிளம்ப வேண்டியவர் ஒன்பதரை ஆகியும் வெளியே வரவில்லை. அவள் கதவைத் தட்டினாள்.

"என்னங்க... வேலைக்கு நேரமாகல?"

"முக்கியமா பேசிட்டிருக்கேன்! போ அந்தப் பக்கம்!"

குரல் உடைந்திருந்தது. மிஷினில் கோத்திருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு வந்து கதவில் காதை வைத்தாள். ஒட்டுக்கேட்பது தப்புதான்... ஆனால் உள்ளே இருப்பது கட்டின புருஷன் ஆயிற்றே!

உள்ளே போனில் ஒரு கனத்த குரல் அதட்டியது. "உன் பேர்ல தடை செஞ்ச சரக்கு பிடிபட்டிருக்கு. எப்படி வந்ததுன்னு நீயே சொல்லு!"

"சார்... லாரியா சார்? எங்க எடைமேடையில நிறுத்த லாரியா சார்? நான் வெறும் சீட்டுலதான் சார் கையெழுத்துப் போடுவேன்..."

ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு அந்தக் குரல் சந்தோஷமாகப் பாய்ந்தது. "ஆமாய்யா, லாரிதான்! உன் கையெழுத்து போட்ட சீட்டு என் கையிலதான் இருக்கு!"

அவளுக்குச் சுருக்கென்றது. அதுவரை லாரி என்றே சொல்லாதவனுக்கு லாரியையும் எடுத்துக்கொடுத்து, சீட்டையும் எடுத்துக்கொடுத்தது யார்? இவர்தான்! அடப்பாவி மனுஷா, நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது இதுதான்!

ஓடிப்போய் நாத்தனாரிடம் சொன்னாள். "உள்ள என்னமோ சரியில்லம்மா. யாரோ உங்க அண்ணனைப் போட்டு மிரட்டறாங்க. எனக்குப் பயமா இருக்கு..."

அன்று நாத்தனாருக்கு விடுமுறை. நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணனை ஏமாத்தறாங்களாக்கும்? போன்ல ஏமாறறதுக்குன்னு இந்த வீட்டுல ஒரு ஆள்தான் இருக்கு அண்ணி. அது யாருன்னு ஊருக்கே தெரியும்."

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் விரல்களைப் பிசைந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதுமே...

பத்தேகால் மணிக்குக் கதவு திறந்தது. போனை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தபடி கணவர் வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அம்மா... பீரோ சாவி குடு. பேங்க் கார்டு எடுக்கணும்."

"என்னடா ஆச்சு? ஏன்டா இப்படி வேர்க்குது?"

"பேசாத! யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு உத்தரவு. நான் கைதாகி இருக்கேம்மா... வீட்டுக்குள்ளயே. போன் கேமராவை விட்டு நகரக் கூடாது."

நாத்தனாரின் கையிலிருந்த நகச்சாயக் குப்பி தரையில் விழுந்து உருண்டது. "அண்ணா! என்ன சொல்ற?"

"பணம் சுத்தமான பணமான்னு சரிபார்க்கணுமாம். அவங்க சொல்ற கணக்குக்கு அனுப்பினா அரை மணி நேரத்துல திருப்பிடுவாங்க. இல்லன்னா உங்க எல்லாரையும் உடந்தைன்னு சேர்த்து..."

அந்தப் பணம் இருக்கிறதே, அது அந்த வீட்டின் கடைசித் தவணை! வருகிற வாரம் கட்டிவிட்டால் வீடு அவர்களுடையது. கட்டாவிட்டால் நாலு பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான். அதைத்தான் அவர் எவனுக்கோ தூக்கிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். அம்மா பயந்துபோய்க் கொடுத்த சாவியால் பீரோவைத் திறந்து கார்டையும் எடுத்துவந்தார்.

அவள் மெல்ல நகர்ந்து கணவரின் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். திரையில் ஒரு போலீஸ் அதிகாரி. பெரிய மீசை, தோளில் நட்சத்திரங்கள், பின்னால் அலமாரி. பார்த்தால் யாருக்கும் உதறல் எடுக்கும். அவன் பின்னால் திரும்பி அலமாரியிலிருந்து எதையோ எடுத்தான். ஒரு கணம்தான் முதுகு தெரிந்தது.

அந்தச் சட்டை முதுகில் நட்டநடுவே பிளந்திருந்தது. பிளவின் நடுவே பனியன் தெரிந்தது. இரண்டு இடத்தில் நாடா முடிச்சு!

அந்த நாடாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். வாடகை உடுப்புக் கடைக்கு அவளே எத்தனை தைத்திருக்கிறாள்! ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒரே உடுப்புப் பொருந்த வேண்டுமென்று முதுகில்தான் திறப்பு வைப்பார்கள். முன்னால் இருக்கும் பொத்தானெல்லாம் சும்மா ஒப்புக்குத் தைத்தது. நிஜப் போலீஸ்காரன் எவனாவது முதுகில் நாடா கட்டிக்கொண்டு வேலைக்கு வருவானா?

"என்னங்க! அனுப்பாதீங்க! அவன் போலீஸே இல்ல. போட்டிருக்கறது நாடக உடுப்பு! முதுகுல நாடா கட்டியிருக்கான், நான் பாத்தேன்!"

"யாருய்யா அது பொம்பள?" திரை அதட்டியது. "இவளையும் தூக்கட்டுமா? வண்டி வாசல்ல நிக்குது!"

"ஐயோ சார், வேண்டாம் சார்! அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்!" கணவர் அவளைத் தோளால் இடித்துத் தள்ளினார். "வாயை மூடு! உன் புத்திசாலித்தனத்தைத்தான் ஆறு மாசம் முன்னாடியே பாத்தாச்சே! பேங்க்காரன் யாரு, திருடன் யாருன்னு தெரியாதவ... நீ போலீஸைப் பத்திப் பேச வந்துட்டியா?"

"சத்தியமா சொல்றேங்க... நான் தைக்கிற உடுப்புங்க அது..."

"போதும் அண்ணி!" நாத்தனார் அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினாள். "என்னைக் கெடுத்தது போதாதா? அண்ணனை ஜெயிலுக்கு வேற அனுப்பணுமா?"

அவள் சுவரோடு சுவராக நின்றாள். இடிபட்டதுகூட வலிக்கவில்லை. இத்தனை நாள் சுமந்த பொய் இன்று அவள் சொல்லும் உண்மைக்கே குழி பறித்துவிட்டதே! இப்போது வாய் திறந்து, அன்று சொன்னது நான் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? கணவர் கார்டைப் பார்த்துப் போனில் எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார். கட்டை விரல் கடைசிப் பொத்தானை நோக்கிப் போனது.

"நிறுத்துடா!"

வீடே அதிர்ந்தது. அந்தக் குரல் மாமியாருடையது என்று நம்பவே முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து நின்றிருந்தார்.

"அன்னிக்கு நம்பரைச் சொன்னது இவ இல்லடா... நான்! உன்னைப் பெத்த நான்! இந்த வாயாலதான் ஆறு நம்பரையும் ஒவ்வொண்ணா சொன்னேன். இவ ஓடி வந்து போனைப் பிடுங்கறதுக்குள்ள எல்லாம் போயிடுச்சு. நீங்க என்னை அனுப்பிடுவீங்களேன்னு பயந்து... இவ பேர்ல பழியைப் போட்டுட்டு ஆறு மாசமா இவ கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கேன்டா பாவி!" மாமியாருக்கு மூச்சு வாங்கியது. "என்னை எங்க வேணா அனுப்பு. ஆனா இவ சொல்றதைக் கேளுடா! இந்த வீட்டுல போன்ல ஏமாறாத ஆள் இவ ஒருத்திதான்!"

கட்டை விரல் அந்தரத்தில் நின்றது.

"என்னய்யா அங்க கூச்சல்? அனுப்பினியா இல்லையா?"

அவள் முன்னால் வந்தாள். திரைக்கு நேராகக் குனிந்து கேட்டாள். "ஐயா, ஒரே ஒரு தடவை எந்திரிச்சுத் திரும்பி நில்லுங்க. உங்க முதுகுல நாடா முடிச்சு போட்டு விட்டது யாரு? கீழ்முடிச்சு அவிழ்ந்து தொங்குது பாருங்க."

அவிழவில்லை. அது அவள் போட்ட தூண்டில். ஆனால் அந்த அதிகாரியின் கை, அவனை அறியாமல், சட்டென்று முதுகுக்குப் போனது! போன கையைக் கணவரும் பார்த்தார், நாத்தனாரும் பார்த்தாள். அடுத்த நொடி ஒரு கெட்ட வார்த்தை. திரை கறுத்துவிட்டது.

வாசலில் வண்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கணவர் தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாக ஒருவனும் தூவ முடியாத மண்ணை எவனோ ஒருவன் இரண்டு மணி நேரத்தில் தூவிவிட்டுப் போய்விட்டான்.

மாமியார் உள்ளே போய்விட்டு வந்தார். கையில் ஒரு துணிப்பை. இரண்டு மாற்றுத் துணியும் கண்ணாடிக் கூடும் அதில் துருத்திக்கொண்டு தெரிந்தன.

"கிளம்பறேன். எங்க கூட்டிட்டுப் போகணுமோ கூட்டிட்டுப் போங்க. நான் அழ மாட்டேன்."

"அம்மா!" நாத்தனார் பாய்ந்து அந்தப் பையைப் பிடுங்கி மார்போடு கட்டிக்கொண்டாள். "எங்கம்மா போற? நீ பயந்து பயந்து சாகற அளவுக்கா நான் இருந்தேன்... நான் மனுஷியே இல்லம்மா!" அப்படியே அண்ணி பக்கம் திரும்பினாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். ஆறு மாதம் வைத்த பட்டமெல்லாம் தொண்டையில் வந்து அடைத்துக்கொண்டதோ என்னவோ, "அண்ணி... அண்ணி..." என்பதற்கு மேல் வரவில்லை.

கணவர் தலை நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. "ஏன்டி... ஆறு மாசம். ஒரு நாளாவது என்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே? நான் உன் புருஷன்தானே?"

அதுவரை அழாதிருந்தவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்னை முட்டாள்னு நினைச்சா திட்டுவீங்க... பட்டம் வைப்பீங்க... போனைப் பிடுங்குவீங்க. அவ்வளவுதானே? வீட்டுக்குள்ளயாவது இருக்க விடுவீங்க. அத்தையை அப்படி நினைச்சா அனுப்பியிருப்பீங்க! அதாங்க சொல்லல."

கணவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். "தப்பு பண்ணிட்டேன்... மன்னிச்சிடு..." என்று விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"மன்னிச்சிட்டேன்னு இப்பவே வாய் வார்த்தைக்குச் சொல்ல எனக்கு வரலீங்க. கொஞ்ச நாளாகும். இன்னிக்கு உண்மையைச் சொன்னப்போ என் வார்த்தை செல்லல. அத்தை சாட்சி சொன்னப்புறம்தான் செல்லுச்சு. அது ஆற வேண்டாமா?"

சொல்லி முடித்தபோது அவள் குரலும் உடைந்துவிட்டது. மாமியார் தள்ளாடிக்கொண்டு வந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். "என் தாயே... என்னைப் பெத்த தாயே..." என்று அவள் தலையைத் தடவினார். ஆறு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், அந்தத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு 'ஓ'வென்று அழுதாள். பின்னாலிருந்து நாத்தனாரும் வந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அவள் அந்தக் கைகளை விலக்கவில்லை.