மூடி போட்டு எடுத்த படம்

மதியம் மூன்று மணிக்கு அக்கா வந்து இறங்கியபோது, அந்தப் பழைய மாடி வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். தம்பி சோபாவில் சுருண்டு கிடந்தான். ராத்திரி ராத்திரியாக விழித்து வானத்தைப் படமெடுப்பதால் குடும்பத்தில் அவனுக்கு ஆந்தை என்று பெயர். இப்போது பகலிலும் தூங்குவதில்லை. ஒன்பது நாளாக வேலைக்கும் போகவில்லை.

"என்னடா கோலம் இது?"

"மாடிக்குப் போகாதக்கா," என்று கிசுகிசுத்தான். "மூடிக்குள்ள இருக்கு."

அவன் வாயிலிருந்து விஷயத்தை வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. நான்கு மாதமாக ஒரு தூசி நெபுலாவின் பின்னால் அலைகிறான். நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு கிடக்கும் கருந்தூசி அது. பல இரவுகளின் வெளிச்சத்தைச் சேர்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியின் வாயை மூடிவிட்டும் சில படங்கள் எடுப்பான். கேமரா தானாக உண்டாக்கும் புள்ளிகள் மட்டும் அதில் விழும். அவற்றை நிஜப் படத்திலிருந்து கழித்துவிட்டால் வானம் சுத்தமாகும். மூடி போட்ட படத்தை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, கழிப்பதோடு சரி. ஏதோ சந்தேகத்தில் இவன் பார்த்துவிட்டான்.

"நாலு மாசமா அதைக் கழிச்சுக்கிட்டே இருந்திருக்கேன்க்கா. அதுக்குக் கோவம்."

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நிழல்களோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவள். "நிழலுக்குப் பயந்தா நான் எப்படிடா குடும்பம் நடத்தறது?" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள்.

மேலறையில் ஈரத்துணி வாடை. தொலைநோக்கியின் மூடியை அழுத்திப் பார்த்தாள், இறுக்கமாக இருந்தது. அதன்மேல் கறுப்புத் துணி சுற்றி, மடிக்கணினியில் ஒரு நிமிஷப் படங்களை ஓடவிட்டாள்.

முதல் படத்தில் வெளிச்சத்தைக் கூட்டினாள். புள்ளிகளுக்கு நடுவே, வெகு தூரத்தில், ஒரு தலையும் இரண்டு தோளும்.

இரண்டாவதில் அது பெரிதாகியிருந்தது.

மூன்றாவதில் கை நீண்டிருந்தது.

தொலைநோக்கிக் குழாய்க்குள் நகம் உரசியது.

அவளுக்குப் பயம்தான். ஆனால் கீழே சுருண்டு கிடப்பவனை நினைத்ததும் ஆத்திரம் பொங்கியது. மூடிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் பேசிய குரலில் சொன்னாள்:

"மூச்சை இழுத்துப் பிடி. அசையக் கூடாது."

சத்தம் நின்றது.

நான்காவது படத்தில் அது அதே இடத்தில் இருந்தது. ஐந்தாவதிலும் இம்மியளவு நகரவில்லை. நெஞ்சு மட்டும் விம்மியிருந்தது.

"அப்படியே கிட," என்றாள். குழாயைத் தூக்கி எறிந்துவிடலாம்தான், விழுகிற வேகத்தில் மூடி திறந்துகொண்டால்? அறையைப் பூட்டிவிட்டு இறங்கினாள். கீழே ஒவ்வொரு விளக்காக அணைத்தாள். பத்து நிமிஷத்தில் தம்பியின் குறட்டை கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் முதல் ஆள் ஓர் இருமல்காரப் பெரியவர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பொத்தானை அமுக்கினாள். "சரி, இப்ப மூச்சு விடலாம்," என்றாள் வழக்கம்போல.

ஃபோன் அடித்தது.

"அக்கா," தம்பியின் குரல் உள்ளே போயிருந்தது. "மேல யாரோ பெருசா மூச்சு விட்டாங்க. பூட்டு கழண்டு விழுந்துச்சு. படியில இறங்குது."

சற்றுமுன் பெரியவரிடம் தான் சொன்ன வார்த்தை அவளுக்கு உறைத்தது.

"ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுப் படிக்கு நேரா பிடிடா." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மூச்சை இழுத்துப் பிடி. அசையக் கூடாது."

மறுமுனையில் மரப்படியின் முனகல் நின்றது.

"கடைசிப் படியில நிக்குதுக்கா."

"நிக்கட்டும். நீ எழுந்து வெளிய போ. நான் வர்ற வரைக்கும் அது நிக்கும்."

கண்ணாடிக்கு அப்பால், தன்னிடம்தான் சொன்னாளென்று பெரியவரும் மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்து அவளையே பார்த்தார். சாவியை எடுத்தபடி, போதும் என்று அவருக்குக் கையால் மட்டும் சைகை காட்டினாள். மூச்சு விடலாம் என்ற வார்த்தையை இனி அவள் வாயால் சொல்வதாக இல்லை.